பங்கேற்பாளர் ஏழு

"எம் புருசன் பேசுறது அவரோட பேச்சு இல்லையாம். மாத்தி எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிச்சுட்டாக. இங்கதான் மாத்திக் குடுப்பீகளாமே?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் இப்படிக் கேட்டதும் சந்தனமாரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மதுரையில் ஒரு பல்கலைக்கழகம், பேர் எதுக்கு, வம்பு. அதில், எழுதினதை வேறு வார்த்தையில் எழுத உதவுகிற மாற்றுரைப் பிரிவில் ஒன்பது வருசமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் வருவார்கள், கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வாத்தியார்கள் வருவார்கள். புருசனைக் கூட்டிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

அந்த மனுசர் பின்னால் ஓரமாக நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயசு, தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. பேர் பிச்சைமணி. அந்த அம்மாள் முத்துராக்கு. அவள் நீட்டிய தாளில் மனநல மருத்துவக் குழுவின் சிவப்பு முத்திரை இருந்தது: "விண்ணப்பதாரரின் வாக்குமூலம் 91 விழுக்காடு நகல். சொந்தச் சொற்களில் மாற்றி எழுதி வரவும்."

சந்தனமாரிக்குச் சிரிப்பு நின்றுபோனது.

உரைகல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆய்வேட்டில் காப்பியடிக்கிறவர்களைப் பிடிக்கத்தான் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? வார்த்தையை முன்னே பின்னே மாற்றிப் போட்டுத் தப்பித்த காலம் போய், அர்த்தத்தையே எடுத்து வைத்து ஒப்பிடுகிற அளவுக்கு அதற்குப் புத்தி வளர்ந்தது. அப்புறம் சும்மா இருப்பார்களா? மூலத்தன்மைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தாலுகா ஆபீஸ் மனு, போலீஸ் ஸ்டேஷன் புகார், ஆஸ்பத்திரி வாக்குமூலம் எல்லாவற்றையும் அதன் வாயில் கொடுத்துவிட்டார்கள். எழுதினது இருபது விழுக்காட்டுக்கு மேல் வேறு எதோடாவது ஒத்துப்போனால் ஆள் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் ஒரே மாதிரி திருடு போனால் இரண்டாவது வீட்டுக்காரனின் புகார் செல்லாது. கேட்டீர்களா அநியாயத்தை!

"உள்ள வாங்க ரெண்டு பேரும். அண்ணே, குழுவுல என்ன சொன்னீங்களோ அதையே என்கிட்டயும் சொல்லுங்க."

பிச்சைமணி பொண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பேச ஆரம்பித்ததும் குரல் கணீரென்று வந்தது.

"காதுக்குள்ள இல்லம்மா, காதுக்குப் பின்னால. எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'உன் வண்டி போயிருச்சு, ஓடு'ங்குது. நான் திரும்பிப் பாக்குறதில்ல. திரும்புனா அதுவும் எங்கூடயே திரும்பிரும்."

இந்த வரிகளைச் சந்தனமாரி படித்திருக்கிறாள். ஒரு தடவையா, ரெண்டு தடவையா? 'பின்செவிக் குரல்' என்கிற பேராசிரியர் சித்தரஞ்சனின் பேர்போன கட்டுரை. இல்லாத குரல் கேட்கிற பிரமையைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிற எவரும் அதைத் தொடாமல் நகர முடியாது. அதன் முதல் பக்கத்திலேயே 'பங்கேற்பாளர் ஏழு' என்ற தலைப்புக்குக் கீழே இதே வரிகள் இருக்கின்றன, இலக்கணம் மட்டும் திருத்தி.

"இதை எங்கண்ணே படிச்சீங்க?"

"படிச்சீங்களாவா?" முத்துராக்கு மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அங்கயும் இதேதான் கேட்டாக. எட்டாப்புப் படிச்ச மனுசன்மா இவரு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு மைக்குல வண்டி பேரு சொல்லிக்கிட்டு இருந்தவரு. இவரு ஆராய்ச்சியெல்லாம் படிச்சு, மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறாராம். நோயே இல்லையாம், நடிக்கிறாராம். விளங்குவாகளா?"

"இருங்கக்கா. முன்னாடி எப்பவாச்சும் யாராச்சும் வந்து இவர்கிட்ட இதைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்களா?"

பிச்சைமணி யோசித்தார். "ஒருத்தர் வந்தாரு. கண்ணாடிக்காரரு. மைக் ரூமுக்கே வருவாரு, டீ வாங்கிக் குடுப்பாரு, சின்ன மிசின் ஒண்ணை மேசைமேல வச்சுட்டுப் பேசிக்கிட்டு இருப்பாரு. பதினாலு வருசம் இருக்கும். அதுக்கு முன்ன யாரும் அம்புட்டுப் பொறுமையா எங்கிட்ட இதைக் கேட்டதில்லம்மா. நல்ல மனுசரு."

தன் பேச்சையே திருடினான் என்று பேர் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற ஆள், எடுத்துக்கொண்டு போனவரை நல்ல மனுசர் என்கிறார்.

"குழு நோய்ச் சான்று குடுக்காட்டி என்னக்கா ஆகும்?"

"இந்தச் சட்டம் வந்தப்புறம் சான்று இல்லாட்டி ஊசியை நிப்பாட்டிருவாக. மாசம் ஒரு ஊசி. அது போட்டாத்தான் அந்தச் சத்தம் அடங்கிக் கிடக்கும். மூணு வருசம் முன்ன ஒரு தடவை பத்து நாள் பிந்திப்போச்சு. சத்தம் ஓடுன்னுச்சாம், இவரு பெரியகுளம் வண்டிக்குப் பின்னாலேயே பைபாஸ் ரோட்டுல ஓடிட்டாரு. கால் அப்ப போனதுதான்." அவள் குரல் இறங்கியது. "அடுத்த ஊசிக்கு இன்னும் அஞ்சு நாள்தான்மா இருக்கு."

அன்று மத்தியானமே சந்தனமாரி பேராசிரியர் சித்தரஞ்சனின் அறைக்குப் போனாள். சுவரெல்லாம் பாராட்டுப் பத்திரம். அலமாரியில் காது வடிவத்தில் ஒரு பித்தளைக் கேடயம்.

"வாம்மா சந்தனமாரி. என்ன, ஏதாவது சுருக்கணுமா?"

"சார், பங்கேற்பாளர் ஏழு வந்திருக்கார். என் ரூம்ல உக்காந்திருக்கார்."

அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. "அட! நல்லா இருக்காரா? என்ன ஒரு குரல் அந்த மனுசனுக்கு!"

அவள் விசயத்தைச் சொன்னாள். இந்த வாக்குமூலம் இவருடையதுதான் என்று ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது.

"அது எப்படிம்மா முடியும்? பங்கேற்பாளர் யாருன்னு வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அவர் ரகசியத்தைக் காப்பாத்துறது என் கடமை."

"ரகசியம் அவரோடது சார். அவரே சொல்லச் சொல்றார்."

"அவர் மனநோயாளி. அவர் சம்மதம் செல்லாது."

"அன்னைக்கு மிசினை வச்சுப் பதிவு பண்ணீங்களே, அந்தச் சம்மதம் மட்டும் செல்லுமா?"

சித்தரஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவு எங்கே என்று கேட்டாள். அஞ்சு வருசத்தில் அழித்துவிட வேண்டும் என்று விதியாம், அழித்துவிட்டாராம். விதிகளையெல்லாம் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார் பாருங்கள்!

"நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா," என்றார் தணிந்த குரலில். "அந்த வரி அவரோடதுன்னு நான் எழுதிக் குடுத்தா, உரைகல் என் கட்டுரையைத் திரும்ப எடுத்து ஒப்பிடும். முதல் பக்கம் பாதி நகல்னு வரும். பின்செவிக் குரல்ங்கிற கருத்தே அடிபட்டுப் போகும். அதை நம்பி நாப்பது ஆய்வேடு இருக்கு. அதுல பாதி நீ உதவி பண்ணினது. அவர் குடுத்தது வெறும் சத்தம். அதை வாக்கியமாக்கினது நான்."

'திரும்பிப் பாக்குறதில்ல'யைத் 'திரும்பிப் பார்ப்பதில்லை' ஆக்கினதற்குப் பேர் வாக்கியமாக்குவதாம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து அவள் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் அவள் அறையில் உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லை, மாற்றி எழுத வேண்டியதுதான். மாற்றி எழுதுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. மாணவர்கள் அதை 'மூடிவச்சுச் சொல்றது' என்பார்கள். கட்டுரையைப் படி. மூடி வை. விசயம் தெரியாத ஒருத்தரைப் பிடித்து வாயால் சொல். சொன்னதை எழுது. கடைசியில் மூலத்தைத் திறந்து, அர்த்தம் நகர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார், யாரிடமிருந்து எடுத்தாயோ அவர் பேரைப் போடு. இது காப்பியடிக்காமல் எழுதுகிற நேர்வழி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அண்ணே, அதையே வேற மாதிரி சொல்லுங்க பாப்போம். அக்காகிட்ட சொல்ற மாதிரி."

"அவளுக்குத் தெரியுமேம்மா."

"தெரியாதுன்னு வச்சுக்கங்க."

பிச்சைமணி கையை விரித்தார். "அது இப்படித்தாம்மா சொல்லுது. நான் எப்படி மாத்த? வேணும்னா நீங்க அதுகிட்டயே சொல்லிப் பாருங்க, கொஞ்சம் வேற மாதிரி பேசச் சொல்லி."

முத்துராக்கு குபீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

ரெண்டு நாள் பிடித்தது. கடைசியில் சந்தனமாரியே எழுதினாள்: 'பிடரிப் பக்கமாக யாரோ நின்று அவசரப்படுத்துகிறார்கள். எங்கோ போக வேண்டியவன் தாமதித்துவிட்டேன் என்று ஏசுகிறார்கள். ஆள் முகம் காட்டாது என்று தெரியும், அதனால் நான் தலையைத் திருப்புவதில்லை.'

"யாரோ இல்லம்மா, அது ஆளு இல்ல," என்றார் பிச்சைமணி. "ஏசவும் இல்ல. வண்டி போயிருச்சுங்குது, அம்புட்டுத்தான்."

"அதைச் சொல்லக்கூடாதுண்ணே. சொன்னா சிவப்பு விழும்."

"அப்ப நான் பொய் சொல்லணுமா?"

"கொஞ்சம் மாத்திச் சொல்றோம், அவ்வளவுதான்," என்றாள். நடிக்கிறான் என்று சொல்லித் துரத்தின ஆளை, நிஜமாகவே நடிக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறோமே என்று அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

நாலாம் நாள் குழு கூடியது. குழுவில் இருந்த டாக்டர் இளவேனில் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து முப்பது பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பிச்சைமணி பழகினதைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். உரைகல்லில் பச்சை விளக்கு எரிந்தது. பதினொரு விழுக்காடு. முத்துராக்கு சந்தனமாரியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

டாக்டர் மேசையிலிருந்த நோய்க்குறிக் கையேட்டைப் புரட்டினார். "பின்செவிக் குரல், பக்கம் நாற்பத்தி ரெண்டு. 'பாதிக்கப்பட்டவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்.' இவர் தலையைத் திருப்புறதில்லைங்கிறார். வந்ததிலிருந்து நானும் கவனிக்கிறேன், ஒரு தடவைகூட திரும்பலை. மன்னிக்கணும்மா. இது கையேட்டுல இருக்கிற நோய் இல்லை."

"இல்லை டாக்டர், திரும்பிப் பார்க்க மாட்டாங்க! மூலக் கட்டுரையில அப்படித்தான் இருக்கு. கையேட்டுல எப்படி இப்படி வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவளே அலமாரியில் இருந்த பழைய பதிப்புகளை எடுத்துப் பிரித்தாள். ஒரு பதிப்பில் இருந்த வாக்கியம் அடுத்த பதிப்பில் வரக்கூடாது, வந்தால் உரைகல் ஒத்துக்கொள்ளாது. அதனால் வருசா வருசம் யாராவது மாற்றி எழுதுவார்கள். முதல் பதிப்பில் 'திரும்பிப் பார்ப்பதில்லை'க்குப் பதிலாக 'திரும்பிப் பார்ப்பது அரிது' என்றிருந்தது. சரி, போகட்டும். ரெண்டாவதில் 'அரிதாகத் திரும்பிப் பார்ப்பார்'. மூன்றாவதில் 'சில வேளைகளில் திரும்பிப் பார்ப்பார்'. நாலாவதில் 'அவ்வப்போது'. ஐந்தாவதில் 'அடிக்கடி'. இல்லை என்றது ஐந்தே வருசத்தில் அடிக்கடி ஆகிவிட்டது. இதில் யாருமே பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு விரல் அளவு நகர்த்தியிருக்கிறார்கள்.

ரெண்டாவது பதிப்பின் அடியில் பொடி எழுத்தில் 'மாற்றுரை: மா. சந்தனமாரி' என்று இருந்தது.

அவளுக்கு நினைவு வந்தது. நாலு நாளில் முடித்துக் கொடு என்றார்கள். கையில் கொடுத்தது முந்தின பதிப்பை மட்டும். மூலக் கட்டுரையைத் திறந்து சரிபார்க்கிற அந்தக் கடைசி வேலையை அன்றைக்கு அவள் செய்யவில்லை. 'பார்ப்பது அரிது' என்றால் அநேகமாகப் பார்க்க மாட்டார்கள். 'அரிதாகப் பார்ப்பார்' என்றால் பார்க்கிறார்கள் என்றாகிவிடுகிறது. ஒன்பது வருசமாக மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். பச்சை விளக்கு எரிந்தது, அனுப்பிவிட்டாள்.

"டாக்டர், இந்தத் தப்பு என்னோடது," என்றாள் எல்லார் முன்னாலும். "நான் அர்த்தத்தை நகர்த்திட்டேன். எனக்கு அப்புறம் வந்தவங்க அது மேலயே நகர்த்திட்டாங்க. இந்த மனுசன் சொல்றதுதான் சரி."

இளவேனில் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "சரியானதை எழுதிக் குடுங்க. திருத்தமா ஏத்திடலாம்."

அவள் எழுதினாள். 'பாதிக்கப்பட்டவர் திரும்பிப் பார்ப்பதில்லை.' உரைகல்லில் வைத்தார்கள். சிவப்பு. நூறு விழுக்காடு. உரிமை: பேராசிரியர் சித்தரஞ்சன்.

"பாத்தீங்களா? சரியான வாக்கியம் ஏற்கனவே ஒருத்தருக்குச் சொந்தம். அதைத் தவிர வேற என்ன எழுதினாலும் அது ஏத்துக்கும்." டாக்டர் குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு. மேற்கோளை உரைகல் எண்ணாது. மூலக் கட்டுரையை நேரடியா மேற்கோள் காட்டினா கையேட்டோட ஒப்பிடணும்னும் கட்டாயம் இல்லை. அந்தப் பேராசிரியர்கிட்ட மேற்கோள் அனுமதி வாங்கிட்டு வாங்க. நாளைக்கு முதல் ஆளா கூப்பிடுறேன்."

மேற்கோள் அனுமதி! சித்தரஞ்சன் இந்தத் தடவை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"தாராளமா எடுத்துக்கச் சொல்லும்மா! இதை முதல்லயே கேட்டிருக்கலாமே. சாதாரண ஜனங்களும் மேற்கோள் காட்டுறாங்கன்னா அந்தக் கட்டுரைக்கு அதைவிட என்ன வேணும்?" கையெழுத்தை அழகாக, நிதானமாகப் போட்டார். பங்கேற்பாளராகப் பேர் சொல்லக்கூடாத ஆளை வாசகராகப் பேர் சொல்லலாம், அதற்கு எந்த விதியும் குறுக்கே வரவில்லை. படிவத்தில் விண்ணப்பதாரர் போட வேண்டிய உறுதிமொழி ஒன்றும் இருந்தது: 'மேற்கண்ட கட்டுரையை முழுமையாக வாசித்துப் புரிந்துகொண்டேன்.'

வெளியே காத்திருந்த முத்துராக்கு அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "படிச்சுட்டு வந்து ஒப்பிக்கிறாருன்னுதானம்மா முதல்ல துரத்துனாக? இப்ப படிச்சேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஊசியா? யாருக்கும்மா பைத்தியம்?"

பிச்சைமணி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள். மேற்கோளை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சந்தனமாரி வரும் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனால் உரைகல்லின் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்த மனுசருக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. மைக் அவருக்குப் பழகின சாமான்தானே. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேராசிரியர் சித்தரஞ்சன் அவர்கள் கூறுவதாவது. மேற்கோள் ஆரம்பம். காதுக்குள் இல்லை, காதுக்குப் பின்னால். என் பெயரைச் சொல்லி அழைத்து, உன் வண்டி போய்விட்டது, ஓடு என்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் அதுவும் என்னோடு திரும்பிவிடும். மேற்கோள் முடிவு."

பச்சை. சைபர் விழுக்காடு.

டாக்டர் முத்திரை குத்தினார். அடுத்த அறையில் நர்ஸ் ஊசி போட்டாள். முத்துராக்கு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அவள் ஏன் கும்பிட வேண்டும், யாரைக் கும்பிட வேண்டும்? சந்தனமாரிக்கு அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் போல இருந்தது.

புறப்படும்போது டாக்டர் படிவத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "இந்த மாசம் புதுசா ஏதாவது கேட்டுச்சா? வேற வார்த்தை, வேற சத்தம்?"

பிச்சைமணி மேசைமேல் இருந்த மைக்கைப் பார்த்தார். "இல்லைங்க," என்றார்.

வெளியே வராந்தாவில் வெயில் காய்ந்தது. ஆட்டோ வரட்டும் என்று மூன்று பேரும் நின்றார்கள். அவர் சந்தனமாரியின் பக்கம் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"பொய் சொல்லிட்டேம்மா. ஒரு வாரமா புதுசா ஒண்ணு சொல்லுது."

"அண்ணே! டாக்டர்கிட்ட சொல்லாம? வாங்க, இப்பவே போயிச் சொல்லிருவோம். என்ன சொல்லுது?"

ஒன்பது வருசப் பழக்கம். அவள் கை தன்னையறியாமல் பைக்குள் போய்ப் பேனாவைத் தொட்டது. அவர் அதைப் பார்த்தார்.

"வேணாம்மா," என்றார் பிச்சைமணி. "இதையும் எடுத்துக்குவாக."

முத்துராக்கு அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். என்ன சொல்லுது, எங்கிட்டயாச்சும் சொல்லித் தொலைங்க என்று கெஞ்சினாள், ஏசினாள், அழுதாள். அவர் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டார்.